கொலம்பஸின் தவறு காப்பாற்றிய கொலையாளி: கலிபோர்னியா தங்கவேட்டைக் காலத்துத் தீர்ப்பு ஒன்றின் கதை

1.
 

ஒரு கொலை நடக்குது. சீனர்கள் மூன்று பேர் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்றாங்க. ஜூரி குற்றவாளி என்கிறது. தூக்குத் தண்டனையும் விதிக்கப்படுது. அடுத்த வருஷமே மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்கிறது. சாட்சிகள் பொய் சொன்னார்கள் என்று யாருமே சொல்லவில்லை. அவர்கள் சாட்சி சொல்லத் தகுதியே இல்லாதவர்கள் என்பதுதான் காரணம்.

அதற்கு நீதிபதி துணைக்கு அழைத்த ஆள் யார் தெரியுமா? கொலம்பஸ்!

2.
முதலில் இடத்தைப் புரிஞ்சுக்குவோம்.

1848 ஜனவரி 24. கலிபோர்னியாவில் கொலோமா என்ற இடத்தில் ஜான் சட்டர் என்பவருக்காக மரம் அறுக்கும் ஆலை கட்டிக்கொண்டிருந்தார் ஜேம்ஸ் மார்ஷல். ஆலைக்குத் தண்ணீர் போகும் கால்வாயில் மஞ்சளாக எதுவோ மின்னியது. எடுத்துப் பார்த்தால் தங்கம்.

அப்போது கலிபோர்னியா சட்டப்படி மெக்சிகோவின் நிலம். ஒன்பதே நாளில், பிப்ரவரி 2 அன்று, போரில் தோற்ற மெக்சிகோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அதை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. தங்கம் கிடைத்த விஷயம் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியாது.

1849இலிருந்து உலகமே அங்கே ஓடியது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து, சிலி, மெக்சிகோ, அயர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், சீனா என்று எல்லாப் பக்கமிருந்தும். சில வருடங்களில் சுமார் 3 லட்சம் பேர் வந்து இறங்கினார்கள். 1850 செப்டம்பரில் கலிபோர்னியா அமெரிக்காவின் ஒரு மாநிலமானது.

3.
இங்கே ஒரு விஷயத்தை மனசில வச்சுக்கோங்க. இந்தக் கதையில் வரும் ஆளுநர், நீதிபதி, சுரங்கத் தொழிலாளி, கொலையாளி எல்லோருமே வந்தேறிகள்தான். அதுவும் நேற்று வந்தவர்கள்.

அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருந்தவர்கள் பழங்குடி மக்கள். தங்கம் கிடைத்த கொலோமா நிசெனன் மக்களின் ஊர். 1848இல் கலிபோர்னியா முழுவதும் சுமார் ஒன்றரை லட்சம் பழங்குடிகள் இருந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1870 வாக்கில் மிஞ்சியது சுமார் 30,000 பேர். நோய், பசி, படுகொலை மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

4.
இப்போ சட்டத்துக்கு வருவோம்.

மாநிலமாகும் முன்பே, 1850 ஏப்ரலில், கலிபோர்னியாவின் புதிய சட்டமன்றம் ஒரு குற்றவியல் சட்டம் இயற்றியது. அதன் 14ஆவது பிரிவு சொன்னது இதுதான்: கறுப்பினத்தவரோ, கறுப்பு வெள்ளைக் கலப்பில் பிறந்தவரோ, இந்தியரோ, ஒரு வெள்ளையருக்கு ஆதரவாகவோ எதிராகவோ சாட்சியம் அளிக்க அனுமதி கிடையாது.

இங்கே இந்தியர் என்றால் நாம் இல்லை. நம் பாடப்புத்தகங்கள் ‘செவ்விந்தியர்’ என்று சொல்லிக்கொடுத்த பழங்குடிகள். அதே மாதம் வந்த இன்னொரு சட்டத்துக்குப் பெயர் ‘இந்தியர்களின் நிர்வாகம் மற்றும் பாதுகாப்புக்கான சட்டம்’. பெயரில் பாதுகாப்பு. உள்ளே, ஒரு பழங்குடியின் சாட்சியத்தை வைத்து எந்த வெள்ளையரையும் தண்டிக்க முடியாது என்ற பிரிவு. வேலையில்லாமல் திரிகிறார் என்று ஒரு பழங்குடியைப் பிடித்து, அவர் உழைப்பை ஏலம் விடவும் அதே சட்டத்தில் வழி இருந்தது.

5.
இதன் பலம் என்னவென்று ஒரு மருத்துவராகச் சொல்கிறேன்.

அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எங்களுக்கு மெடிக்கோ லீகல் கேஸ் தினசரி விஷயம். சம்மன் வந்தால் கோர்ட்டுக்குப் போய்க் கூண்டில் ஏறுவோம். காயம் எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழம், சாவுக்குக் காரணம் எது என்று எங்களால் சொல்ல முடியும். ஆனால் அடித்தது யார், சுட்டது யார் என்று போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் சொல்லாது. அதை நேரில் பார்த்தவர்தான் சொல்லணும். பார்த்தவர் வாயை அடைத்துவிட்டால் பிணம் மட்டும் இருக்கும், கொலையாளி இருக்கமாட்டார்.

அதாவது, “பழங்குடியைக் கொல்லலாம்” என்று யாரும் சட்டம் எழுதத் தேவையில்லை. “பழங்குடி சாட்சி சொல்லக்கூடாது” என்று எழுதினாலே போதும். வேலை முடிந்தது.

6.
அடுத்து சீனர்கள்.

1850இல் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது கலிபோர்னியாவில் சீனர்கள் ரொம்பக் குறைவு. 1852ஆம் வருடம் மட்டும் சுமார் 20,000 பேர் வந்தார்கள். பெரும்பாலானோர் தெற்குச் சீனாவின் குவாங்டாங் பகுதிக்காரர்கள். அங்கே அபினிப் போர் முடிந்து, தைப்பிங் கிளர்ச்சி தொடங்கிய காலம். ஊரில் வாழ வழியில்லை. கலிபோர்னியாவுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கம் சான்’, அதாவது தங்க மலை.

வெள்ளையர்கள் தோண்டி, இனி ஒன்றும் தேறாது என்று விட்டுப்போன இடங்களில்தான் பெரும்பாலும் சீனர்கள் மண் அலசினார்கள். பொறுமையாக அலசினார்கள். தங்கம் கிடைத்தது. அதுதான் பிரச்சனை.

7.
1850இல் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரி என்று மாதம் 20 டாலர் போட்டார்கள். மெக்சிகோ, சிலி நாட்டவர்தான் முதல் குறி. கலிபோர்னியாவே இரண்டு வருடம் முன்பு வரை மெக்சிகோவாக இருந்தது, ஆனால் இப்போ மெக்சிகோக்காரர் வெளிநாட்டவர்! எதிர்ப்பு வந்ததால் அந்த வரி 1851இல் நீக்கப்பட்டது.

1852இல் மறுபடி வந்தது. மாதம் 3 டாலர். அடுத்த வருடம் 4 டாலர். இந்த முறை முக்கியமாகக் கட்டியவர்கள் சீனர்கள். அதே 1852இல் ஆளுநர் ஜான் பிக்லர், சீனர் வருகையைத் தடுக்கணும் என்று சட்டமன்றத்துக்குச் செய்தி அனுப்பினார். பிக்லர் கலிபோர்னியாவுக்கு வந்தது 1849இல். மொத்தமே மூணு வருஷ வாசி.

8.
இப்போ கொலை.

1853 ஆகஸ்ட் 9. நெவாடா கவுண்டியில் பேர் ஆற்றங்கரை. சீனர்களின் சுரங்க முகாம். ஜார்ஜ் ஹால் என்ற வெள்ளையர் இன்னும் இரண்டு பேரோடு வந்து, ஒரு சீனரைத் தாக்கிக் கொள்ளையடிக்கப் பார்த்தார். சத்தம் கேட்டுக் கூடாரத்திலிருந்து வெளியே வந்தார் லிங் சிங் என்ற சீனர். ஹால் அவரைச் சுட்டுக் கொன்றார்.

ஷெரீஃப் வந்து கைது செய்தார். விசாரணை நடந்தது. சீனர்கள் மூன்று பேர் சாட்சி சொன்னார்கள். வெள்ளையர்களே இருந்த ஜூரி அதை நம்பியது. ஹாலுக்குத் தூக்கு.

இதைக் கவனிங்க. கீழ் நீதிமன்றத்தில் அந்த ஊர் வெள்ளையர்களே ஒரு வெள்ளையரைக் குற்றவாளி என்றார்கள். கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டபோது மனித மனசு சரியாகத்தான் வேலை செய்தது.

9.
ஹால் மேல்முறையீடு செய்தார். ‘மக்கள் எதிர் ஹால்’ என்ற அந்த வழக்கில் 1854இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. எழுதியவர் தலைமை நீதிபதி ஹியூ மர்ரே.

மர்ரே யார்? 1825இல் மிசூரியில் பிறந்து, இல்லினாயில் வளர்ந்து, மெக்சிகோ போரில் பணியாற்றி, 1849இல் தங்கவேட்டைக் கூட்டத்தோடு சான் பிரான்சிஸ்கோ வந்தவர். 1852இலேயே தலைமை நீதிபதி. இந்தத் தீர்ப்பை எழுதும்போது வயசு 29. நம்ம ஊர்ல ஒரு ஜூனியர் வக்கீல் சீனியர் பின்னால் கட்டு சுமந்துக்கிட்டு ஓடும் வயசு.

10.
அவர் முன் இருந்த கேள்வி எளிமையானது. சட்டத்தில் கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மூன்றுதான் இருக்கு. சீனர் என்ற சொல் இல்லை. அப்போ சீனர் சாட்சி சொல்லலாமா, கூடாதா?

மர்ரேயின் பதிலைப் படிச்சா சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

வாதம் ஒன்று: கொலம்பஸ் ஆசியாவைத் தேடித்தான் கிளம்பினார். கரை இறங்கியபோது, சீனக் கடலில் இந்தியாவுக்குப் பக்கத்துத் தீவு ஒன்றுக்கு வந்துவிட்டதாக நினைத்தார். அங்கிருந்தவர்களை இந்தியர் என்றார். ஆகவே அந்தச் சொல்லில் ஆரம்பத்திலிருந்தே ஆசியர்களும் அடக்கம். பழங்குடிகளே பேரிங் நீரிணை வழியாக ஆசியாவிலிருந்து போனவர்களாக இருக்கலாம். ஆக, சீனரும் இந்தியரே.

வாதம் இரண்டு: அதை ஏற்காவிட்டாலும், வெள்ளையர் என்ற சொல் மற்ற எல்லா நிறத்தாரையும் விலக்கும். ‘கறுப்பினத்தவர்’ என்று சட்டம் சொல்வது வெள்ளையர் அல்லாத எல்லோரையும்தான்.

1492இல் ஒரு மாலுமி வழி தப்பி வந்து வைத்த பெயர், 362 வருஷம் கழிச்சு ஒரு கொலையாளியின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றியது.

11.
இந்த இரண்டு வாதமும் மேல் பூச்சுதான். உண்மையான காரணத்தைத் தீர்ப்பின் கடைசிப் பகுதியில் அவரே எழுதிவிட்டார். இவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், நாளைக்கு வாக்குச்சாவடிக்கு வருவார்கள், ஜூரியில் உட்காருவார்கள், நீதிபதி நாற்காலிக்கும் சட்டமன்றத்துக்கும் வருவார்கள் என்பது அவர் கவலை. சீனர்களை இயற்கையே தாழ்ந்தவர்களாகக் குறித்துவிட்டது, ஓரளவுக்கு மேல் அறிவு வளராது என்றும் எழுதினார்.

பயம் புரியுதா? ஒரு ஆளின் பேச்சை நம்பத் தகுந்தது என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், மற்ற உரிமைகள் எல்லாம் வரிசையாகப் பின்னாலேயே வரும். மர்ரேக்கு அது நன்றாகப் புரிந்திருந்தது. அதனால்தான் வாசலிலேயே நிறுத்தினார்.

12.
மூன்று நீதிபதிகளில் சாலமன் ஹைடன்ஃபெல்ட் ஒத்துப்போனார். தென் கரோலினாவில் பிறந்த யூதர், 1850இல் கலிபோர்னியா வந்தவர். அலெக்சாண்டர் வெல்ஸ் மட்டும் மறுத்தார். அவர் மறுப்பு ஒரே ஒரு வாக்கியம். தலைமை நீதிபதியின் கருத்திலிருந்து மரியாதையுடன் மாறுபடுகிறேன் என்பதோடு சரி. காரணம் எதுவும் எழுதவில்லை.

இன்னொன்று. கொலம்பஸுக்கு இடம் கொடுத்த அந்தத் தீர்ப்பில், கொல்லப்பட்ட லிங் சிங்கின் பெயர் இல்லை. ஹாலைச் சுதந்திரமான வெள்ளைக் குடிமகன் என்று அறிமுகப்படுத்தித்தான் தீர்ப்பே தொடங்குகிறது.

13.
விளைவு? மாதம் 4 டாலர் வரி வாங்கிக்கொள்ளும் அரசு, வரி கட்டியவரை யாராவது வெட்டினால் அவர் ஆட்கள் சொல்வதைக் கேட்காது. கொள்ளைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேணும்? பக்கத்தில் வேறு வெள்ளையர் இல்லாத நேரம் பார்த்துப் போனால் போதும்.

1862இல் கலிபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்றிடம் ஒரு பட்டியல் கொடுக்கப்பட்டது. வெள்ளையர்களால் கொல்லப்பட்ட சீனர்கள் 88 பேர். அதில் 11 பேரைக் கொன்றது சுரங்க வரி வசூலிக்க வந்தவர்களே! தூக்கிலிடப்பட்டவர்கள் 2 பேர். கணக்கில் வந்தது இவ்வளவு.

14.
சீனர்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1855இல் சான் பிரான்சிஸ்கோ சீன வணிகர்கள் சார்பில் லாய் சுன்-சுவென் ஆளுநருக்குப் பதில் எழுதினார். உங்கள் நீதிமன்றங்கள் எங்கள் சாட்சியை மறுப்பது அநியாயம் என்றார். நியாயமான கோபம்.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொரு வாதமும் இருக்கு. எங்களைப் போய் இந்தியர்களோடும் கறுப்பினத்தவரோடும் சேர்த்துவிட்டீர்களே, அந்த இந்தியர்கள் துணியும் செருப்பும் போடாமல் காட்டிலும் குகையிலும் கிடப்பவர்கள் ஆச்சே என்கிற மாதிரி வாதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. அடிபட்டவர் கேட்பது, “இந்தக் கோடு ஏன்?” என்று அல்ல. “கோட்டுக்கு அந்தப் பக்கம் என்னை ஏன் தள்ளினாய்?” என்றுதான். நம்ம ஊர்ல இதை நாம் பார்த்ததே இல்லையா? எனக்குக் கீழே ஒருத்தன் இருக்கான் என்ற ஆறுதல், மேலே இருப்பவனுக்குக் காவல் நிற்கிறது.

15.
கறுப்பினத்தவர் வேறு மாதிரிப் போராடினார்கள்.

மிஃப்ளின் கிப்ஸ் என்று ஒருவர். தங்கவேட்டைக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வந்து, ஷூ பாலிஷ் போட்டுப் பிழைப்பைத் தொடங்கி, பீட்டர் லெஸ்டர் என்ற கூட்டாளியோடு பூட்ஸ் கடை வைத்தார். ஒருநாள் கடைக்கு வந்த வெள்ளையர் ஒருவர், பூட்ஸ் விஷயத் தகராறில் லெஸ்டரைக் கைத்தடியால் அடித்தார். கிப்ஸ் அங்கேதான் நின்றார். அடி வாங்கியவரும் சாட்சி சொல்ல முடியாது, பார்த்தவரும் சொல்ல முடியாது. இருவரும் கறுப்பினத்தவர்.

1855 நவம்பரில் கலிபோர்னியாவின் கறுப்பினக் குடிமக்கள் சாக்ரமென்டோவில் மாநாடு கூட்டினார்கள். அவர்களின் முதல் கோரிக்கை சாட்சி சொல்லும் உரிமை. வருஷக்கணக்கில் மனு மேல் மனு போட்டார்கள்.

16.
எங்கள் தொழிலும் இந்தக் கதையில் தலைகாட்டுது.

1861இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கார்டன் என்ற கறுப்பின முடிதிருத்துநர் கொல்லப்பட்டார். பார்த்த சாட்சி ஒருவர் இருந்தார். பார்வைக்கு வெள்ளையர் மாதிரி நிறம். வெள்ளையரா, இல்லையா? முடிவு செய்ய யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? டாக்டர்களை! அவர்கள் அந்த மனிதரின் தலைமுடியைச் சோதித்து, கறுப்பினக் கலப்பு இருக்கிறது என்றார்கள். சாட்சியம் தள்ளுபடி.

கண்ணால் பார்த்ததைச் சொல்ல வந்தவரின் முடியைப் பார்த்து, அவர் பேசலாமா என்று மருத்துவம் சான்றிதழ் கொடுத்தது. அறிவியல் என்ற பெயரில் யார் எதைச் சொன்னாலும், அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று முதலில் கேளுங்கள்.

17.
1863இல், உள்நாட்டுப் போர் நடுவே, கறுப்பினத்தவருக்கான தடை நீங்கியது. பல வருடப் போராட்டத்தின் பலன். ஆனால் அதே திருத்தத்தில் சீனர், மங்கோலியர், இந்தியர் என்று பெயர் சொல்லித் தடையை எழுதி வைத்தார்கள். கொலம்பஸை இனி இழுக்க வேண்டியதில்லை, சட்டத்திலேயே வந்துவிட்டது. கோடு அழியவில்லை. கொஞ்சம் நகர்ந்தது.

18.
1871 அக்டோபர் 24. லாஸ் ஏஞ்சல்ஸ். ஒரு துப்பாக்கிச் சண்டையில் வெள்ளையர் ஒருவர் சாக, சுமார் 500 பேர் கொண்ட கும்பல் சீனர் தெருவுக்குள் புகுந்தது. 18 சீனர்களைக் கொன்றார்கள். பலரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அதில் ஒருவர் ஊரில் எல்லோரும் வைத்தியத்துக்குத் தேடிப்போன சீன மருத்துவர், ஜீன் டோங். மோதிரத்துக்காக அவர் விரலை வெட்டினார்கள்.

8 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் 1873இல் அந்தத் தண்டனையும் ரத்தானது. காரணம்? ஜீன் டோங் கொல்லப்பட்டார் என்று குற்றப்பத்திரிகையில் வெளிப்படையாக எழுதப்படவில்லையாம். பிணம் இருக்கு, ஊரே பார்த்திருக்கு, ஆனால் காகிதத்தில் சாவு இல்லை.

19.
1870இல் அமெரிக்க மத்திய அரசு, சாட்சி சொல்லும் உரிமை எல்லோருக்கும் சமம் என்று சட்டம் கொண்டுவந்தது. கலிபோர்னியா நீதிமன்றம் உடனே வழிவிடவில்லை. 1872இல் மாநிலச் சட்டங்களைத் தொகுத்துத் திருத்தியபோது அந்தத் தடை விடுபட்டு, 1873 ஜனவரியிலிருந்து செல்லாததாகியது. லிங் சிங் செத்து 19 வருடம் ஆகிவிட்டது. வாசல் திறந்தாலும் வெறுப்பு போகவில்லை. 1882இல் சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வரவே தடை. அது நீங்கியது 1943இல்.

‘வெள்ளையர் யார்’ என்ற அந்த விளையாட்டு பிறகு நம்மவர்களையும் தொட்டது. 1923இல், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பஞ்சாபி பகத் சிங் திந்த் குடியுரிமை கேட்ட வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் வைத்த வாதம் நான் ஆரியன், ஆகவே வெள்ளையன் என்பது. மறுபடியும் கோடு ஏன் என்ற கேள்வி இல்லை, கோட்டுக்கு இந்தப் பக்கம் என்னை விடு என்பதுதான்.

20.
மர்ரே 1857இல், 32 வயதில், காசநோயில் இறந்தார். அந்தக் கிருமிக்கு நிறம் பார்க்கத் தெரியாது. பேர் ஆற்றங்கரைக் கூடாரத்திலும் அதுதான், தலைமை நீதிபதி வீட்டிலும் அதுதான்.

பூட்ஸ் கடை கிப்ஸ் என்ன ஆனார்? 1858இல் கலிபோர்னியாவை விட்டுக் கனடாப் பக்கம் போனார், திரும்பி வந்து சட்டம் படித்தார். 1873இல் ஆர்கன்சா மாநிலம் லிட்டில் ராக் நகரில் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மர்ரே பயந்தது சரியாகவே நடந்தது. கூண்டில் ஏறக் கூடாது என்று தடுக்கப்பட்டவர் நீதிபதி நாற்காலிக்கே வந்தார். வானம் இடிந்து விழவில்லை.

21.
நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் ஒரு சாட்சியிடம் பார்ப்பது ஒன்றுதான்: கேள்வி புரிகிறதா, புரிந்து பதில் சொல்ல முடிகிறதா? குழந்தை சொல்லலாம், முதியவர் சொல்லலாம், பேச முடியாதவர் எழுதியோ சைகையிலோ சொல்லலாம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு வரிக்காக உலகத்தில் எத்தனையோ பேர் தலைமுறைக் கணக்கில் மனு எழுதியிருக்கிறார்கள்.

சட்டத்தில் கோடு இல்லை என்றாலும் நம் மனசில் இருக்கலாம். ஸ்டேஷனில், ஆபீஸில், ஆஸ்பத்திரியில், ஒருத்தர் நடந்ததைச் சொல்ல வரும்போது, அவர் சட்டையையும் செருப்பையும் பேச்சு வழக்கையும் பார்த்து “இவன் என்னத்தச் சொல்லப் போறான்” என்று தோணுதா? அந்த நிமிஷம் நாமும் ஒரு சின்ன மர்ரேதான்.

ஒரு சட்டம் நியாயமானதா என்று பார்க்க, அது எவ்வளவு தண்டனை கொடுக்கிறது என்று மட்டும் பார்க்காதீங்க. அதன் முன்னால் யாருடைய பேச்சு செல்லும், யாருடைய பேச்சு செல்லாது என்று பாருங்க.

தீர்ப்பில் இல்லாத அந்தப் பெயரை நாமாவது ஒருமுறை சொல்லி வைப்போம்: லிங் சிங்.